யார் மதம் கண்ணை உறுத்துகிறது?

2009ஆம் ஆண்டு, ஆள் தேவை என்று விளம்பரம் செய்திருந்த பிரெஞ்சு நிறுவனங்களுக்கு இரண்டு இளம்பெண்களின் பெயரில் விண்ணப்பங்கள் போயின. ஒருத்தி மரி தியூஃப். மற்றவள் கதீஜா தியூஃப். இருவரும் பிரான்சில் வாழும் செனகல் வம்சாவளியினர். வயது, படிப்பு, வேலை அனுபவம் எல்லாம் சமம். மரி ஒரு கத்தோலிக்கத் தொண்டு அமைப்பில் வேலை பார்த்தவள், கதீஜா ஓர் இஸ்லாமியத் தொண்டு அமைப்பில். வேறுபாடு அவ்வளவுதான். நூறு இடங்களுக்கு மரி விண்ணப்பித்தால் 21 இடங்களிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கதீஜாவுக்கு வந்தது 8. பெண்கள் இருவரும் கற்பனைப் பாத்திரங்கள், பதில் சொன்ன நிறுவனங்கள் உண்மையானவை. கிளேர் அதீடா, டேவிட் லெய்ட்டின், மரி-ஆன் வால்ஃபோர் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்த இந்தச் சோதனையின் முடிவு 2010இல் வெளியானது.

செனகலை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிரான்சின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா நாடுகளிலிருந்து வந்த குடும்பத்தினர். அவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டால் அதற்கு நிறம் காரணமா, காலனி ஆட்சியின் பழைய கசப்பு காரணமா, மதம் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. செனகலின் செரேர், ஜோலா இனக்குழுக்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே பொருளாதார நிலையில் பிரான்சுக்கு வந்தவர்கள். நிறம் ஒன்று, குடும்பப் பெயரும் ஒன்று. கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது மதம் மட்டும்தான். முஸ்லிம்கள் மீதான பாகுபாடு உண்மையா கற்பனையா என்று பல்லாண்டுகள் நடந்த வாதத்தை இந்த ஒரு சோதனை வேறு தளத்துக்கு நகர்த்தியது. அதன்பின் கேள்வி, பாகுபாடு இருக்கிறதா என்பதிலிருந்து அது எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதற்கு மாறியது.

அந்தக் கேள்விக்குச் சமூகவியல் இதுவரை தந்திருக்கும் விடைகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. முதலில் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சமூகவியலர் பலரும் ஒரு நம்பிக்கையில் ஒன்றுபட்டிருந்தார்கள்: தொழில்மயமும் கல்வியும் வளர வளர மதம் பொதுவாழ்விலிருந்து விலகி வீட்டுப் பூசையறைக்குள் ஒதுங்கிவிடும். ஹோசே கஸனோவா 1994இல் எழுதிய ‘நவீன உலகில் பொது மதங்கள்’ என்ற நூல் இந்த நம்பிக்கையின் மீது விழுந்த பலமான அடி. ஈரானியப் புரட்சி, போலந்தில் தொழிற்சங்கத்தோடு கைகோத்த கத்தோலிக்க சபை, லத்தீன் அமெரிக்காவின் விடுதலை இறையியல், அமெரிக்காவின் கிறிஸ்தவ வலதுசாரி எழுச்சி ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதை அவர் சுட்டிக்காட்டினார். மதம் பொதுவாழ்வுக்குத் திரும்பியிருந்தது, அதுவும் எல்லா மதங்களும். ஆனால் அந்தத் திரும்புதல் எல்லோருடைய விஷயத்திலும் ஒரே மாதிரி வரவேற்கப்படவில்லை.

இதற்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் படிப்பது நல்லது. ஜெனீவாவில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை இஸ்லாத்தைத் தழுவி முக்காடு அணிந்து பாடம் நடத்தினார். மாணவரோ பெற்றோரோ யாரும் புகார் சொல்லவில்லை. இருந்தும் அதிகாரிகள் தடுத்தார்கள். 2001இல் நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்க மறுத்தது, முக்காடு குழந்தைகளின் மனத்தில் வலுவான தாக்கத்தை உண்டாக்கக்கூடிய அடையாளம் என்ற வாதத்தோடு. பத்தாண்டுகள் கழித்து, இத்தாலியின் அரசுப் பள்ளி வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் சிலுவையைப் பற்றிய வழக்கு வந்தது. 2011 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் பேரவை, சுவரில் இருக்கும் சிலுவை தானாக எதையும் போதிக்காத அடையாளம் என்று கருதி அதை அனுமதித்தது. சட்டம் படித்தவர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள்: இரண்டிலும் நீதிமன்றம் அந்தந்த அரசின் முடிவில் தலையிடாமல் விலகிக்கொண்டது, ஆசிரியை பேசும் மனுஷி, சிலுவை பேசாத பொருள் என்று. விளக்கம் தர்க்கத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அரசே எல்லா வகுப்பறையிலும் மாட்டிவைக்கும் அடையாளம் வலுவற்றது, ஒரு தனிப் பெண் தன் தலையில் போட்டுக்கொள்ளும் துணி வலுவானது என்ற முடிவை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

வேலைச் சந்தையிலும் இதே கோடுதான் தெரிகிறது. வால்ஃபோர் தனியாக நடத்தி 2015இல் முடிவை வெளியிட்ட இரண்டாவது சோதனை இன்னும் பெரியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் போயின. இம்முறை எல்லோரும் லெபனான் வம்சாவளியினர், மதம் மட்டும் வேறு. மதப் பற்று உள்ளவர் என்று குறிப்பால் உணர்த்தப்பட்ட ஆண்களில் கத்தோலிக்கர்களுக்கு 17.9 விழுக்காடு அழைப்பு வந்தது, முஸ்லிம்களுக்கு 4.7 விழுக்காடு. கத்தோலிக்கர் ஒருவர் ஏறத்தாழ ஐந்தாறு இடங்களுக்கு எழுதினால் ஓர் அழைப்பு. முஸ்லிம் இருபதுக்கும் மேல் எழுத வேண்டும். ஜெர்மனியில் டோரிஸ் வைக்ஸல்பௌமர் செய்த சோதனையில் விண்ணப்பத்தோடு புகைப்படமும் இருந்தது, அந்நாட்டில் அது வழக்கம். ஒரே பெண்ணின் படம். ஜெர்மன் பெயர் இருந்தபோது 18.8 விழுக்காடு அழைப்பு. துருக்கிப் பெயர் இருந்தபோது 13.5. துருக்கிப் பெயரோடு தலையில் முக்காடும் இருந்தபோது 4.2. பெயர் மாறியதால் விழுந்த இழப்பைவிட முக்காட்டினால் விழுந்த இழப்பு பெரிது.

இந்த எண்களுக்கு ஒரு மறுவாதம் உண்டு, அது எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. மார்க் ஹெல்ப்லிங்கும் ரிச்சர்ட் ட்ரௌன்ம்யூலரும் பிரிட்டனில் நடத்திய கருத்துக்கணிப்புச் சோதனை, மக்களின் மனக்கசப்பு முஸ்லிம் குடியேறிகள் என்ற ஆட்களின் மீது இல்லை, தீவிரமான மதப் பிடிப்பின் மீதுதான் என்று காட்டியது. அதே நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் ஒப்பிட்டால் பிரிட்டிஷ்காரர்களின் உணர்வில் பெரிய வேறுபாடு இல்லை. இருவரில் யார் தீவிர மதவாதியாகக் காட்டப்பட்டாலும் உணர்வு குளிர்ந்தது. தாராளவாதிகளிடம் இந்த வெறுப்பு அதிகம். பெண்ணுரிமை, தன்பாலினத்தவர் உரிமை, கருத்துச் சுதந்திரம் ஆகியவற்றில் அக்கறை உள்ளவர்கள், எந்த மதத்தின் கெடுபிடிக்கும் அஞ்சுகிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம். மதத்தை விமர்சிப்பது வேறு, மனிதரை ஒதுக்குவது வேறு என்ற கோடு இங்கே உதவுகிறது. 1997இல் பிரிட்டனின் ரன்னிமீட் அறக்கட்டளை முஸ்லிம் வெறுப்பைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டபோதே இந்தக் கோட்டை எங்கே போடுவது என்ற சண்டை தொடங்கிவிட்டது. இன்றும் ஓயவில்லை.

ஆனால் கருத்துக்கணிப்பில் மக்கள் சொல்வதும் நேரில் செய்வதும் ஒன்றல்ல. அதனால்தான் நான் களச் சோதனைகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறேன். ஜெர்மன் ரயில் நிலையங்களில் டோங்ஹ்யூன் சோய், மத்தியாஸ் பொர்ட்னர், நிக்கோலஸ் சம்பானிஸ் ஆகியோர் ஒரு சிறிய நாடகத்தைத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். நடைமேடையில் ஒரு பெண்ணின் பையிலிருந்து பழங்கள் உருண்டு சிதறும். பக்கத்தில் நிற்பவர்கள் குனிந்து எடுத்துக் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஹிஜாப் அணிந்த பெண்ணுக்கு உதவி குறைந்தது. அதற்கு முன்பே அவள், குப்பை போட்ட ஒருவரைத் தட்டிக்கேட்டு, ஜெர்மானியர் போற்றும் பொது ஒழுங்கைத் தானும் மதிப்பதைக் காட்டியிருந்தபோதும் இடைவெளி முழுவதும் மூடவில்லை. சிதறிய பழத்தை எடுத்துக் கொடுப்பதற்கு இறையியல் எதுவும் தேவையில்லை. பெண்ணுரிமை பற்றிய அச்சமும் அங்கே எழ நியாயமில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொரு கட்டத்தில் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் பேசவைத்து, அவள் பெண்கள் வேலைக்குப் போவதை ஆதரிப்பவள் என்று சுற்றி நிற்பவர்கள் கேட்கும்படி செய்தார்கள். ஜெர்மன் பெண்களிடம் இருந்த தயக்கம் கரைந்தது. ஹெல்ப்லிங் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் சுமை யார் தோளில் இருக்கிறது என்று பாருங்கள். கழுத்தில் சிலுவை போட்ட பெண் தன் கொள்கையைப் போனில் உரக்கச் சொல்லி நிரூபிக்க வேண்டியதில்லை. முக்காடு போட்டவள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பிரான்சை மட்டும் குறை சொல்லி நகர்ந்துவிட முடியாது. அங்கே மதச்சார்பின்மை என்றால் மதம் பொதுவெளியில் அடங்கியிருக்க வேண்டும் என்று பொருள். கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே மதப் பற்று நற்குணத்தின் சான்று. பென்னி எட்ஜெல், ஜோசஃப் கெர்ட்டிஸ், டக்ளஸ் ஹார்ட்மன் ஆகியோர் 2003இல் நடத்திய ஆய்வில், அமெரிக்கச் சமூகத்தைப் பற்றிய தம் கனவோடு எந்தக் குழு துளியும் ஒத்துப்போகவில்லை என்று மக்களிடம் கேட்டார்கள். முதலிடம் நாத்திகர்களுக்கு, 39.6 விழுக்காடு. இரண்டாமிடம் முஸ்லிம்களுக்கு, 26.3. பதினோரு ஆண்டுகள் கழித்து 2014இல் அதே கேள்வியைக் கேட்டபோது முஸ்லிம்கள் 45.5 விழுக்காட்டோடு நாத்திகர்களைத் தாண்டியிருந்தார்கள். கடவுளை நம்பாதவரை அஞ்சும் நாட்டில், ஐந்து வேளை தொழுபவருக்கு அந்த நம்பிக்கையால் ஒரு மதிப்பெண்கூடக் கூடவில்லை.

பொதுவெளியில் மதம் வேண்டாம் என்ற நாட்டில் முஸ்லிமின் மதம் அதிகப்படியாகத் தெரிகிறது. மதம் வேண்டும் என்ற நாட்டில் அது மதமாகவே எண்ணப்படவில்லை. இரண்டு எதிரெதிர் விதிகள், ஒரே முடிவு. நான் இந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ளும் முதன்மையான பாடம் இதுதான்: எந்த மதச்சார்பின்மை சிறந்தது என்ற நம் நீண்ட விவாதம் பிரச்சினையின் வேரைத் தொடவில்லை.

நம் நாட்டின் விதி மூன்றாவது வகை. எல்லா மதத்துக்கும் சம மரியாதை, எல்லா மதமும் தெருவில் ஊர்வலம் போகலாம். 2019 இறுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை ப்யூ ஆய்வு மையம் 17 மொழிகளில் ஏறத்தாழ 30,000 இந்தியர்களைச் சந்தித்தது. உண்மையான இந்தியராக இருக்க எல்லா மதங்களையும் மதிப்பது மிக முக்கியம் என்று 84 விழுக்காட்டினர் சொன்னார்கள். உலகில் வேறெங்கே இப்படி ஒரு பதில் கிடைக்கும்? அதே கணிப்பில் இந்துக்களில் 36 விழுக்காட்டினர், முஸ்லிம் அண்டை வீட்டாரை ஏற்க மாட்டோம் என்றார்கள். மரியாதையும் ஒதுக்கலும் ஒரே மனத்தில், முரண்பாடு என்ற உணர்வே இல்லாமல் குடியிருக்கின்றன. முஸ்லிம்களிடமும் சுவர்கள் உண்டு: தம் சமூகப் பெண்கள் வேறு மதத்தில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று முஸ்லிம்களில் 80 விழுக்காட்டினரும், இந்துக்களில் 67 விழுக்காட்டினரும் சொல்லியிருக்கிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள பாகிஸ்தானில் அகமதியாக்கள் 1974இல் முஸ்லிம்கள் அல்லர் என்று அறிவிக்கப்பட்டது முதல் அவர்களுக்கு நடந்துவருவது யாருக்கும் தெரியாததன்று. விலக்கும் குணம் எந்த மதத்தின் தனிச்சொத்தும் அல்ல. யாரிடம் வீட்டுச் சாவியும் வேலைக்கான ஆணையும் இருக்கின்றன என்பதே யாருடைய வெறுப்பு யாரைச் சுடுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

சாவி வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை இந்தியாவிலும் சோதித்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டேவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் நாளிதழ் விளம்பரங்களுக்குச் சமத் தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் மூன்றில் இரண்டு பங்கு; முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இதற்கு மாறான சான்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட பொருளியலர்கள் டெல்லியில் மென்பொருள் நிறுவனங்களிடமும் கால் சென்டர்களிடமும் நடத்திய சோதனையில் முஸ்லிம் பெயருக்கு எதிரான பாகுபாடு தென்படவில்லை. தொழில்நுட்பத் திறமைக்குத் தட்டுப்பாடு இருக்கும் துறையில் முதலாளிக்குப் பெயர் பார்க்க நேரமில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். திறமையை எண்ணால் அளக்க முடியாத வேலைகளில், ‘நம்ம ஆளா’ என்ற கேள்வி உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. வீட்டு வாடகையில் அந்த இடம் இன்னும் அகலம். டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் தோரட் குழு 2015இல் வெளியிட்ட வாடகை வீட்டு ஆய்வு, முஸ்லிம்கள் தலித்துகளைவிடவும் அதிகமாகத் திருப்பி அனுப்பப்படுவதைப் பதிவு செய்தது. வீடு கிடைக்காதபோது நம்மவர் இருக்கும் பகுதிக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போனவர்களைப் பார்த்து, இவர்கள் தனியாக ஒதுங்கியே வாழ்கிறார்கள் என்று குறை சொல்வதும் நடக்கிறது. இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ராஜேந்திர சச்சார் குழு 2006இல் சொன்னது இந்தச் சுழற்சியின் கடைசிக் கண்ணி: மக்கள்தொகையில் 13.4 விழுக்காடு இருந்த முஸ்லிம்கள் ஐஏஎஸ் அதிகாரிகளில் 3 விழுக்காடு, ஐபிஎஸ்ஸில் 4 விழுக்காடு.

முக்காடு பற்றிய சட்டங்கள் என்ன விளைவைத் தருகின்றன? 2021 இறுதியில் உடுப்பியில் தொடங்கிய பிரச்சினையும், 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பும், அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்டுத் தந்த தீர்ப்பும் நமக்கு இந்தக் கேள்வியை அருகில் கொண்டுவந்தன. பிரான்சின் அனுபவம் அங்கே வழிகாட்டக்கூடும், ஆனால் அது ஒரே திசையைக் காட்டவில்லை. ஆலா அப்தெல்காதிரும் வசிலிக்கி ஃபூக்காவும் 2020இல் எழுதிய ஆய்வின்படி, அரசுப் பள்ளிகளில் மத அடையாளங்களைத் தடுத்த 2004ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம் பெண்களின் பள்ளிப் படிப்பைப் பாதித்தது. பள்ளியில் பாகுபாட்டை உணர்ந்தவர்கள் கூடினார்கள், மத அடையாளம் தளர்வதற்குப் பதில் இறுகியது. ஆனால் எரிக் மொரானும் நிக்கோலாஸ் நவரேத்தேயும் 1994இல் வந்த சுற்றறிக்கையை ஆராய்ந்து, அதன்பின் முஸ்லிம் குடும்பத்துப் பெண்களின் தேர்ச்சி உயர்ந்ததாகக் கண்டார்கள். இரண்டும் கவனமாகச் செய்யப்பட்டவை. 1994இல் பள்ளித் தலைமையாசிரியர்கள் பேசிப் பார்த்து விட்டுக்கொடுக்க இடமிருந்தது. 2004இல் சட்டம் அந்த இடத்தை அடைத்தது. வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. ஒரு பெண்ணைப் பள்ளி வாசலில் நிறுத்தி அவளை விடுதலை செய்ய முடியும் என்று மட்டும் எந்த ஆய்வும் சொல்லவில்லை.

ஊடகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் முடிவுகளில் சர்ச்சை குறைவு. எரிக் ப்ளைக்கும் மௌரிட்ஸ் வான் டெர் வேனும் அமெரிக்க நாளிதழ்களில் முஸ்லிம்களைக் குறிப்பிட்ட இரண்டரை லட்சம் கட்டுரைகளைக் கணினியால் அளந்தார்கள். அவற்றில் சராசரியான ஒன்று, பொதுவாக வரும் செய்திகளில் 84 விழுக்காட்டைவிட எதிர்மறையானது. கிறிஸ்டஃபர் பெய்ல் கண்டுபிடித்தது எனக்கு இன்னும் வருத்தம் தருவது. 2001 செப்டம்பருக்குப் பின் முஸ்லிம் அமைப்புகள் பயங்கரவாதத்தைக் கண்டித்து அறிக்கைமேல் அறிக்கை விட்டன. அமைதியான மொழியில் எழுதப்பட்ட அவை செய்தியாகவில்லை. அச்சத்தையும் கோபத்தையும் கொட்டிய சிறு விளிம்புக் குழுக்களின் அறிக்கைகள் செய்தியாயின. அந்தக் கவனத்தால் அவற்றுக்குப் பணமும் செல்வாக்கும் சேர, அவை விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்தன. முஸ்லிம்கள் ஏன் கண்டிப்பதில்லை என்று கேட்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

தமிழ் பேசுவோர் இந்த விவாதத்தில் வெறும் பார்வையாளர்களாக இருக்க முடியாது. மதத்தை முன்வைக்காமல் மொழியை முன்வைத்த ஒரு தேசிய இயக்கமான விடுதலைப் புலிகள் 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர் கையில் கிடைத்ததோடு புறப்பட்டு, பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களும் வீட்டில் தமிழ்தான் பேசினார்கள். 2002இல் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். மானிடவியலாளர் ஷரிகா திரணகம புத்தளம் முகாம்களில் அந்தக் குடும்பங்களோடு செய்த களப்பணி, ஊர் என்ற உணர்வு ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்டால் என்ன மிஞ்சும் என்பதை எழுதிவைத்திருக்கிறது. இதன் வேர்களில் ஒன்று ஆய்வேட்டிலும் இருக்கிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் முஸ்லிம்களான இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரை வாசித்தார், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து எழுதினார். சட்டசபையில் யாருக்குத் தனி இடம் என்ற கணக்கு அந்த வாதத்துக்குள் இருந்தது. ஒரு சமூகம் தன்னை என்னவென்று சொல்கிறது என்பதைக் கேட்காமல், அது என்ன என்று நாம் தீர்மானிக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இந்த ஒரு நூற்றாண்டு போதும்.

சிங்கள பௌத்தப் பெரும்பான்மை அரசும் தன் பங்கைச் செய்தது. 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனவிலும் முஸ்லிம்கள் மீது வன்முறை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் பிரச்சாரம். 2020 ஏப்ரல் முதல் ஏறத்தாழ ஓராண்டு, கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. அறிவியலின் பெயரால் நடந்ததால் இதை மதப் பாகுபாடு என்று பலர் உணரவே இல்லை. 2024இல் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. எரித்த உடல்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இனி, எது குறைக்கிறது என்ற பக்கம். கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன கருத்து இன்றும் அடித்தளம்: பகைத்த குழுக்கள் பழகினால் வெறுப்புக் குறையும், ஆனால் நிபந்தனைகள் உண்டு. சம அந்தஸ்து வேண்டும், பொது இலக்கு வேண்டும், ஒத்துழைப்பு வேண்டும், மேலே உள்ளவர்களின் ஆதரவு வேண்டும். தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து, பழக்கம் பலன் தருகிறது என்று நிறுவினார்கள். பிறகு வந்த எலிசபெத் பாலக் குழு, அவற்றில் கறாரான சோதனைகள் மிகச் சில என்று சுட்டிக்காட்டியது. அந்தக் குறையைப் போக்க நடந்தவற்றுள் சல்மா மூசாவின் ஆய்வு என் மனத்தில் நிற்கிறது. ஐஎஸ் அமைப்பால் விரட்டப்பட்டு வடக்கு ஈராக்கில் தஞ்சம் புகுந்த கிறிஸ்தவ இளைஞர்களுக்கு அவர் கால்பந்துப் போட்டிகள் நடத்தினார். பாதி அணிகளில் கிறிஸ்தவர்கள் மட்டும், பாதி அணிகளில் முஸ்லிம்களும். கலந்து ஆடியவர்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி எடுக்க முன்வந்தார்கள். தம் அணியில் இல்லாத முஸ்லிம் வீரருக்கு நற்பண்பு விருதுக்கு வாக்களித்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் நிறைந்த மோசூல் நகரத்து உணவகத்துக்குப் போகச் சொன்னபோது அவர்கள் மற்றவர்களைப் போலவே தயங்கினார்கள். மைதானத்துக்குள் வந்த மாற்றம் மைதானத்தைத் தாண்டவில்லை. நைஜீரியாவின் கடுனா நகரில் கிறிஸ்தவ, முஸ்லிம் இளைஞர்களைக் கலந்து கணினி வகுப்பில் உட்காரவைத்த அலெக்சாண்ட்ரா ஸ்காக்கோவும் ஷனா வாரனும் இதை வேறு கோணத்தில் கண்டார்கள்: எண்ணம் அவ்வளவாக மாறவில்லை, நடத்தையில் பாகுபாடு குறைந்தது. லிவர்பூல் கால்பந்து அணியில் முஸ்லிம் வீரர் முகமது சலா சேர்ந்த பின் அந்த வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள், எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 16 விழுக்காடு குறைந்தன என்று மூசாவும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் கோல் அடிக்காத முஸ்லிமும் நிம்மதியாக வாழ வேண்டும்.

அதனால் எனக்கு அமைப்புகளைப் பற்றிய ஆய்வுகளே அதிக நம்பிக்கை தருகின்றன. அசுதோஷ் வர்ஷ்ணே 1950 முதல் 1995 வரையிலான இந்து முஸ்லிம் கலவரங்களைத் தொகுத்தபோது, சாவுகளில் 4 விழுக்காட்டுக்கும் குறைவே கிராமங்களில் நிகழ்ந்தவை என்று தெரிந்தது. எட்டு நகரங்களில் மட்டும் 46 விழுக்காடு. ‘ஆயிரம் ஆண்டுப் பகை’ என்றால் அது எல்லா ஊரிலும் எரிய வேண்டும். முஸ்லிம்களின் பங்கு ஏறத்தாழ ஒன்றாக இருந்த அலிகரையும் கோழிக்கோட்டையும் அவர் ஒப்பிட்டார். கோழிக்கோட்டில் வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை எல்லாவற்றிலும் இரு சமூகமும் கலந்திருந்தன. வதந்தி கிளம்பும்போது அதை அடக்க இருபக்கமும் ஆள் இருந்தது, அடக்காவிட்டால் இருபக்கமும் நட்டம் இருந்தது. சௌமித்ர ஜா இன்னும் பின்னால் போனார். இடைக்காலத்தில் கடல் வணிகம் நடந்த துறைமுக நகரங்களில், 1850 முதல் 1950 வரை கலவரம் நடக்கும் சாத்தியம் மற்ற ஊர்களைவிட ஐந்து மடங்கு குறைவு. முஸ்லிம் வணிகரின் கடல் தொடர்பு இந்துக்களால் பறிக்கவும் முடியாதது, நகலெடுக்கவும் முடியாதது. கூட்டாக இருந்தால்தான் லாபம். காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் நாகூரையும் அறிந்த தமிழருக்கு இது புதிய கதையன்று. அதே தமிழ்நாட்டில்தான் கோவையும் இருக்கிறது: 1997 இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள், 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர். நல்லிணக்கம் மண்ணின் இயல்பு என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது தானாக நிற்காது.

மனத்தை மாற்றுவது மெதுவான வேலை. நடத்தைக்கு விதி போடுவது அரசால் நாளையே முடியும். இந்தியாவில் முஸ்லிம் என்பதற்காக வீடு தர மறுக்கும் தனியாரை நேரடியாகத் தண்டிக்கும் பொதுவான சட்டம் இல்லை. 2005இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாதின் பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் உறுப்பினர்களைத் தம் சமூகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றது. பிற சங்கங்களுக்கும் அது கதவைத் திறந்துவைத்தது. சச்சார் குழு பரிந்துரைத்த சமவாய்ப்பு ஆணையத்துக்கு 2008இல் மாதவ மேனன் தலைமையிலான வல்லுநர் குழு வரைவும் எழுதித் தந்தது. ஆணையம் வரவில்லை. டெல்லி செய்யும் வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. சமூகநீதியைத் தன் அடையாளமாகச் சொல்லும் இந்த மாநிலம், சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் வாடகை வீட்டுக்கும் தனியார் வேலைக்கும் தோரட் செய்தது போன்ற சோதனையை அரசு செலவில் நடத்தி, முடிவு எவ்வளவு கசப்பாக இருந்தாலும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அதன்மேல் ஒரு வாடகைப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையும் கொண்டுவர வேண்டும்.